இரும்புப் பாலத்துக்கு முந்தைய பள்ளம்

கேசட்டை ஊதிப் போட்டுத்தான் ஓட்டுவோம் என்று முதலில் சொன்னபோது என் மகள் சிரித்தாள். நம் வயதுக்காரர்கள் சிரிக்க மாட்டீர்கள். வீட்டில் டிவி கேம் வைத்திருந்தவர்களுக்கும், வைத்திருந்தவன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்களுக்கும் அது தெரியும். மஞ்சள் கேசட்டைக் கழற்றி, அடியில் பல்வரிசை போல இருக்கும் செம்புக் கோடுகளுக்கு நேரே வாயை வைத்து, மவுத் ஆர்கன் வாசிப்பது போல இப்படியும் அப்படியும் ஊதி, திரும்பச் செருகி, பட்டனைத் தட்டினால் படம் வரும். வராவிட்டால் மறுபடி ஊத வேண்டும். எங்கள் ஊர்ச் செம்மண் புழுதிக்கு ஒரு தரம் ஊதினால் போதாது.

எங்கள் வீட்டில் ஊதுகிற வேலை அண்ணனுடையது. பெரியப்பா மகன். என்னைவிடச் சில வயது மூத்தவன்.

போன மாதம் திருச்சியில் ஒரு டாக்டரம்மா என் மகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து விடாமல் ஊதச் சொன்னார். "நிறுத்தாம ஊதுடா கண்ணு, தாள் ஆடிக்கிட்டே இருக்கணும்." மகள் ஊதினாள். தாள் ஆடியது. கொஞ்ச நேரத்தில் ஆடுவது நின்றது. தாள் கையில்தான் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. இமை மட்டும் லேசாகத் துடித்தது. டாக்டரம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல அவள் மறுபடி ஊத ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா?" என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார்.

பார்த்தேன். அந்த முகத்தை நான் முப்பது வருடங்களுக்கு முன்பே பார்த்திருந்தேன்.

அன்றிலிருந்து அண்ணனுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைக்கிறேன். நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன். அவனிடம் எதைச் சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கே தெளிவாக வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். பெரியப்பா மாதா கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார். அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே வீட்டில், இரண்டு அடுப்பு. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வந்தார். பெட்டியைத் திறந்ததும் தைலமும் புதுத் துணியும் சாக்லேட்டும் கலந்த ஒரு வாசனை வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதிலிருந்து சாம்பல் நிறத்தில், சிவப்புப் பட்டன் வைத்து, வயர் சுருட்டிய ஒரு டிவி கேம் வந்தது. கூடவே ஒரு வீடியோ கேசட். அங்கே டிவியில் ஓடிய ஜப்பான் கார்ட்டூனை யாரோ பதிவு செய்து கொடுத்தது. நடுநடுவே சீன எழுத்தில் நூடுல்ஸ் விளம்பரம்கூட வரும்.

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, மரச் சட்டர் வைத்த எங்கள் டிவியில் அதைப் போட்டார்கள். ஒரு வீட்டு உயரத்துக்கு நீல நிறத்தில் ஒரு ரோபோ. அதன் தலைக்குள் ஒரு பையன் ஏறி உட்கார்ந்துகொண்டு அதை ஓட்டுவான். அவன் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். பேசுவது ஒரு வார்த்தை புரியாது. அண்ணன்தான் கதை சொன்னான். அந்த ரோபோவுக்கு நீலத்தடியன் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். வில்லன் கட்டைக் குரலில் ஜப்பான் மொழியில் உறுமினால், "எங்க ஊர்க் கம்மாயில மீன் பிடிச்சவன் நீதானடா" என்று இவன் மொழிபெயர்ப்பான். அப்பாகூட வேட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒரு இடத்தில் சண்டைக்கு நடுவே நீலத்தடியன் அசையாமல் நின்றுவிடும். கண்ணில் எரியும் மஞ்சள் விளக்கு அணைந்துவிடும். எதிரிகள் சுற்றி நின்று அடிப்பார்கள். உள்ளே இருக்கும் பையன் மயங்கிக் கிடக்கிறான் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்குக் காட்சி இருட்டாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. நான் அழ ஆரம்பித்தேன்.

"அழுவாதத்தா. உள்ள இருக்கவன் தண்ணி குடிக்க எறங்கிப் போயிருக்கான். கொஞ்சம் பொறு, வந்துருவான்" என்றான் அண்ணன்.

சொன்னபடியே கண்ணில் விளக்கு எரிந்தது.

சித்தப்பா திரும்பிப் போனார், டெக்கும் வாடகைக் கடைக்குத் திரும்பிப் போனது. டிவி கேம் மட்டும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அதன் முன்னால்தான். எத்தனையோ ஆட்டம் அதில் இருந்தும் நாங்கள் ஆடியது ஒன்றுதான்: விரல் உயர ரோபோ ஒன்று இடமிருந்து வலமாக நடந்து, ஏணி ஏறி இறங்கி, ஒரு பள்ளத்தைத் தாண்டி, இரும்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். ஆள் செத்தால் கை மாறும். அதுதான் சட்டம்.

அண்ணன் எங்களில் கெட்டிக்காரன். நாங்கள் ஏணியையே தாண்டாத காலத்தில் அவன் பாலத்தைக் கடந்து அடுத்த ஊருக்குப் போய்விடுவான். ஆனால் சில நாள், எதற்கென்று தெரியாமல், நேரே நடந்து போய்ப் பள்ளத்தில் விழுவான். ஏணி இறங்கிய ரோபோ குதிக்காது, சுடாது. வலது பக்கப் பட்டனை அழுத்திய கட்டைவிரல் அப்படியே இருக்கும். சினிமாவில் தூக்கத்தில் நடப்பவர்கள் போல அது போய் விழும்.

"அண்ணே, பள்ளத்தப் பாக்கலையா?"

"எந்தப் பள்ளம்?"

"விழுந்துட்டியே, அந்தப் பள்ளம்."

அவன் திரையைப் பார்ப்பான். "நான் இப்ப ஏணிட்டல்ல நின்னேன்?"

"கத விடாத. கையக் குடு."

"சத்தியமா ஏணிட்டதான் நின்னேன்த்தா."

ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொல்கிறான் என்றுதான் நானும் என் தம்பியும் நினைத்தோம். "அண்ணே ஆஃப் ஆயிட்டாரு" என்று தம்பி பாட்டாகவே பாடுவான். இன்னொன்றும் எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. கேசட் மக்கர் பண்ணி, அண்ணன் மூச்சு முட்ட ஊதி ஊதிப் படம் வரவைத்த நாளில், உடனே அவன் கையில் கொடுத்தால் சீக்கிரம் விழுவான். ஏன் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. "ஊதுனவருக்குத்தான் மொத ஆட்டம்" என்று ஒரு சட்டம் போட்டோம். "என்னமா விட்டுக்குடுக்குதுக பாரு, அண்ணன்மேல எம்புட்டுப் பாசம்" என்று பெரியம்மா என் அம்மாவிடம் சொல்லிப் பூரித்துப்போனார்.

தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் தினமும் விளக்கு வைத்ததும் எல்லாரும் முழங்காலில் நின்று செபமாலை சொல்ல வேண்டும். செபமாலையில் ஆளுக்குப் பத்து மணி என்று பிள்ளைகள் செபத்தின் முன்பாதியைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். அண்ணன் தன் பத்து மணியையும் மூச்சு விடாமல் விரட்டுவான். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் சாப்பாடு, அதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது.

ஒருநாள் அப்படி விரட்டிக்கொண்டே வந்தவன் மாதாவின் பெயரைச் சொல்லப் போகும் இடத்தில் நின்றான். நாங்கள் பின்பாதிக்குக் காத்திருந்தோம். பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

"ம், சொல்லு."

அண்ணன் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சொல்லுடாங்கிறேன்."

அடி விழுந்த பிறகுதான் அவன் திரும்பினான். எதற்கு அடித்தார் என்று தெரியாமல் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மறுநாளும் அப்படி நின்றான். அந்த வாரத்தில் இன்னொரு நாளும்.

அடுக்களையில் பெரியப்பா பேசியது எங்களுக்குக் கேட்டது. "மாதா பேரு வாயில வர்ற எடத்துல நாக்கக் கட்டுது. இது சாதாரணமாப் படல."

"தூக்கக் கலக்கத்துல நிக்கிறான். புள்ளய விடுங்க" என்றார் பெரியம்மா.

"தூங்குறவன் கண்ணத் தொறந்துக்கிட்டா தூங்குவான்? நான் மூஞ்சிக்கு நேரா கையை ஆட்டிப் பாத்தேன், இமை துடிக்குது, ஆளு இல்ல. அந்த இரும்புப் பேயப் பாத்துப் பாத்து வந்தது இது."

இப்போது யோசிக்கும்போது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் இருந்த எல்லாரையும்விட அவர்தான் கூர்ந்து கவனித்திருக்கிறார். கண் திறந்திருந்தது, இமை துடித்தது, ஆள் இல்லை. டாக்டரம்மா எனக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். பார்த்ததற்கு வைக்க அவரிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

பங்குச் சாமியார் விஷயம் கேள்விப்பட்டு, "புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்ட்ட காட்டுங்க உபதேசியாரே" என்று சொன்னாராம். பெரியப்பா சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போனா பைத்தியம்னு ஊரே பேரு வச்சிரும்" என்றார். அடுத்த நாள் அண்ணனை ஒரு புனிதர் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். பேய் பிடித்தவர்கள் வேண்டுதலுக்காக வாரக்கணக்கில் தங்குகிற கோயில். பெரியம்மா கூட இருந்தார். கோயில் எண்ணெயைத் தலையில் வைத்தார்கள், மந்திரித்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். உள்ளே யார் இருக்கிறாய் என்று அவனைக் கேட்டார்களாம். "நாந்தான் இருக்கேன்" என்றானாம் அண்ணன்.

அவன் அங்கே இருந்தபோது முழுப் பரீட்சை வந்தது, போனது. எட்டாம் வகுப்பு. மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான்.

அதற்குள் கோடைத் திருவிழா. எங்கள் கோயிலில் காணிக்கையாக வரும் பொருட்களைத் தேர் முடிந்த மறுநாள் ஏலம் விடுவார்கள். தேங்காய்க் குலை, பலாப்பழம், கோழி, வெள்ளாட்டுக் குட்டி. அந்த வருடம் இவற்றுக்கு நடுவே எங்கள் டிவி கேம் உட்கார்ந்திருந்தது. பெரியப்பா காணிக்கை கொடுத்துவிட்டார். வயரெல்லாம் ஒழுங்காகச் சுற்றி, மேலே கேசட்டை வைத்திருந்தார்.

ஏலம் கூறுகிறவருக்கு அதை என்னவென்று சொல்லிக் கூவுவது என்று தெரியவில்லை. "சிங்கப்பூர் சாமான். கரண்ட்டுல ஓடும்" என்றார்.

"பால் கறக்குமாய்யா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"கறந்தா ஒனக்கு ஏன் குடுக்குறேன், நானே வச்சுக்குவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து திருவிழாவுக்கு வந்த ஒருவர் தன் பிள்ளைக்கென்று எடுத்தார். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டும்போது அண்ணன் அவரிடம் ஓடினான். பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

"படம் வரலைன்னா கேசட்டக் கழட்டி ஊதிப் போடச் சொல்லுங்கண்ணே. ரிப்பேர்னு தூக்கிப் போட்டுராதீக" என்றான்.

அவர் சரி தம்பி என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனார். சுற்றிலிருந்து அவிழ்ந்த ஒரு வயர் பின்னால் வால் மாதிரி ஆடிக்கொண்டே போனது.

ஒரு வருடம் போய்விட்டது, இனி எதற்கு என்று பெரியப்பா அண்ணனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பெரியம்மாவின் அண்ணனுக்குக் கந்தர்வக்கோட்டையில் முந்திரி உடைக்கும் கொட்டகை இருந்தது. அங்கே போனான். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவனைப் போலச் சத்தமாக, தடங்கலில்லாமல் பாடம் வாசிக்க ஆள் கிடையாது. கொஞ்ச காலத்தில் அவன் அப்படி நிற்பதும் நின்றுபோனது. கோயிலுக்குப் போனது பலித்தது என்றார்கள் எல்லாரும். நானும் நம்பினேன். வளர வளரத் தானாகச் சரியாகிவிடுவதும் உண்டு என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அந்த நம்பிக்கை போனது.

நான் படித்தேன், ஆலங்குடியில் ஆபீஸ் வேலைக்கு வந்தேன். தம்பியும் படித்தான். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் புத்தி இருந்துச்சுத்தா. கவனந்தான் இல்ல. வெளையாட்டுத்தனமா நின்னு நின்னு கெடுத்துக்கிட்டேன்" என்றான். வருத்தமாகக்கூட இல்லை, யாரோ தெரிந்த பையனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். நான், "விடுண்ணே, அதெல்லாம் பழசு" என்றேன்.

இதையெல்லாம் பார்த்த நான்தான் பின்வருவதையும் செய்தேன்.

செல்போனைவிட்டு மகளை இழுக்க வேண்டும் என்று, பழைய மாதிரியே செய்து இப்போது விற்கிறார்களே, அந்த டிவி கேமை ஆன்லைனில் வாங்கினேன். அதே ஆட்டம் இருந்தது. அதே ஏணி, அதே பள்ளம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நானும் அவளும் ஆடுவோம். கேசட் செருகுகிற இடம்கூட அதே மாதிரி. படம் வராதபோது ஊதக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அவளுக்கு அது பிடித்துப் போய், தேவையில்லாதபோதும் கன்னம் உப்பி உப்பி ஊதுவாள்.

ஒருநாள் அவள் ரோபோ நேரே நடந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

"பாத்து ஆடக் கூடாதா?" என்றேன்.

"நான் ஏணிகிட்டதானம்மா இருந்தேன்."

"கத விடாத. கையக் குடு."

அதே வார்த்தை. என் வாயிலிருந்துதான் வந்தது, என் காதில்தான் விழுந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு வகுப்பு டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. எழுதிக்கொண்டே இருப்பவள் நிறுத்திவிடுகிறாள், கூப்பிட்டால் கவனிப்பதில்லை, வீட்டில் அதிகம் விளையாட விடுகிறீர்களா என்று. டிவி கேமை எடுத்து பீரோ மேல் வைத்தேன். அன்று மாலை அவள் எனக்குப் பதில் சொல்லாமல் நின்றபோது திமிர் என்று நினைத்து, மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்க வைத்தேன். அவள் ஏனென்று கேட்கவில்லை. நின்றாள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன், தலை நேராக, கை குவித்து நின்றாள். இப்போதாவது ஒழுங்கு வந்ததே என்றுகூட நினைத்தேன்.

சில நாள் கழித்துப் புதுக்கோட்டையில் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாலையைக் கடந்தோம். என் ஒரு கையில் பை, இன்னொரு கையில் அவள் கை. நடுச் சாலையில் அந்தக் கை என் கையிலிருந்து நழுவியது. நான் இரண்டு எட்டு போய்விட்டேன். திரும்பினால் அவள் நடுவில் நிற்கிறாள், பஸ்ஸைப் பார்த்தபடி, ஆனால் பார்க்காமல். பிரேக் பிடித்த சத்தத்தில் கடைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். டிரைவர் திட்டவில்லை. இறங்கி வந்து, அவள் தோளைத் தொட்டு ஓரமாகக் கூட்டி வந்து, "புள்ளைக்கு என்னமோ செய்யுதும்மா, டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார். அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்தார். நான் மாதக்கணக்கில் பார்த்திருந்தேன்.

இப்போதும் ரோட்டில் பிரேக் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

"இதுவும் ஒரு வகை வலிப்புதாம்மா. விளையாட்டால வந்தது இல்ல" என்றார் டாக்டரம்மா. "திமிரும் இல்ல. அந்தச் சில நொடி அவ அங்க இல்ல, அவ்வளவுதான். அவளைப் பொறுத்தவரைக்கும் அந்த நேரமே கிடையாது. நிறுத்தின இடத்துலதான் இருக்கறதா நினைப்பா." மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையும் இரவும் மறக்காமல் கொடுக்கிறேன். முன்னைவிட நன்றாக இருக்கிறாள். முழங்காலில் நிற்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "எப்பம்மா?" என்றாள். அந்த மாலை அவளுக்கு நினைவில் இல்லையா, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

இந்த இடம் வரை எழுதி வைத்திருந்தேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் இப்போது தஞ்சாவூர் ரோட்டோரம் சொந்தமாக வறுத்த முந்திரிக் கடை வைத்திருக்கிறான்.

"என்னாத்தா, அதிசயமா இருக்கு. முந்திரி தீந்துபோச்சா?"

"அதுக்கில்லண்ணே."

மகளுக்கு வந்ததைச் சொன்னேன். அவன் விளையாட்டுப் பேச்சை நிறுத்தினான். "புள்ளைக்கா? இப்ப எப்டி இருக்கா? நான் வேணா கெளம்பி வாரேன்" என்றான்.

"நல்லாருக்காண்ணே. டாக்டர் ஒரு தாளக் குடுத்து ஊதச் சொன்னாங்க. ஊதிக்கிட்டே இருக்கும்போது நின்னுட்டா. வேகமா மூச்சு வாங்குனா அது வந்துருமாம். ஊதுனாலும் வருமாம், மூச்சு விடாம செபம் சொன்னாலும் வருமாம்."

 ஒரு லாரி கடந்து போகும் சத்தம் கேட்டது.

"நீ கேசட்டு ஊதுவேல்லண்ணே" என்றேன்.

"ஊதுவேன்."

"ஒனக்கும் அதுதான்ண்ணே. கவனம் இல்லாம இல்ல. வெளையாட்டுத்தனமும் இல்ல. நாங்க எல்லாருந்தான்..." 

அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"நான் ஏணிட்டதான் நின்னேன்."

"ஆமாண்ணே."

"சொன்னேன்ல ஒங்கிட்ட. ஏணிட்டதான் நின்னேன்னு."

"சொன்ன. நாந்தான் நம்பல."

அதன் பிறகு பேச்சு நின்றது. கடையில் யாரோ கால் கிலோ கேட்டார்கள், பதில் இல்லை. யாரோ இரண்டாம் தரம் கேட்டார்கள். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் ஹலோ என்று சொல்லவில்லை. அண்ணே என்று கூப்பிடவும் இல்லை.

மகள் போனை எட்டிப் பார்த்தாள். "கட் ஆயிருச்சாம்மா?"

"இல்லடி" என்றேன். "கொஞ்சம் பொறு, வந்துருவாரு."